ரப்பர் பாண்டை விட்டுவிட்டுப் பென்சிலுக்கும் சீலைத் துண்டுக்கும் மாறியபின்

நீள முடிக்காரருக்குத்தான் இது முதலில். ஆறுபட்டைப் பென்சில் ஒன்றும் பழைய பருத்திச் சீலையில் கிழித்த நாலைந்து துண்டும் வீட்டில் இருந்தால் முடி கட்ட ரப்பர் பாண்ட் வாங்கவே தேவையில்லை. சில வருடங்களாக வேலைக்கு, சந்தைக்கு, கோயிலுக்கு எல்லாம் நான் இப்படித்தான் போய்வருகிறேன். ரப்பர் பாண்டுக்குப் பதிலாக வீடியோக்களில் காட்டும் மற்றச் சாமான்களில் பாதி ஒன்றுக்கும் உதவாது, அதையும் சொல்கிறேன்.

திருகோணமலை வெக்கையும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தால் ரப்பர் பாண்ட் தாங்காது. ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதிப் பலமிழந்துவிடும், வெயில் பட்டால் வெடித்து அறுந்துவிடும், பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டதைக் கழற்றும்போது கூடவே கொஞ்ச முடியும் வரும். துணி சுற்றிய இலாஸ்டிக் பரவாயில்லை, ஆனால் அதுவும் சீக்கிரம் தொளதொளத்துப்போகும். அதோடு, தினமும் அதே இடத்தில் இறுக்கிக் கட்டினால் அந்த இடத்திலேயே முடி உடையும். நெற்றியோரம் இழுபட்டபடியே இருந்தால் வேர் பலமிழந்து அங்கே முடி ஐதாகும்.

சரி, பென்சில். முடியைப் பிடரிக்குச் சற்று மேலே சேர்த்துப் பிடித்து, கயிறு திரிப்பதுபோல ஒரே பக்கமாக முறுக்குங்கள். முறுக்க முறுக்க அது தானாகவே சுருண்டு கொண்டையாகும். இப்போது பென்சிலைக் கொண்டையின் ஓரத்து முடியில் மட்டும் கொஞ்சமாகக் குத்தி, அப்படியே முனையைத் தலைப்பக்கம் திருப்பி, மண்டையோடு படிந்திருக்கும் முடியையும் கோத்தெடுத்துக் கொண்டைக்கு அடியால் மறுபக்கம் தள்ளிவிட வேண்டும். அந்தத் திருப்பல்தான் முக்கியம். திருப்பாமல் நேராகக் குத்தினால் படியிறங்குவதற்குள் கொண்டை அவிழ்ந்து விழும். கொண்டை ஒரு பக்கம், தலையோடு இருக்கும் முடி மறுபக்கம் என்று இரண்டும் பென்சிலை எதிரெதிராக இழுப்பதால்தான் அது அசையாமல் நிற்கிறது. கை பழகினால் பஸ் வருவதைக் கண்டபிறகு தொடங்கினாலும் முடித்துவிடலாம்.

ஆறுபட்டை என்று சொன்னது சும்மா இல்லை, உருண்டைப் பென்சில் வழுக்கும். புதுப் பென்சில் 17, 18 செ.மீ. நீளம் இருக்கும், அடர்த்தியான முடிக்கு அந்த நீளம் தேவை. சீவிச் சீவி 12 செ.மீ. ஆனது நடுத்தர முடிக்குப் போதும். கூர்ப் பக்கத்தைக் குத்தாதீர்கள், தோலும் கீறும், வெள்ளைச் சட்டைக் கொலரில் கரியும் படும். எண்ணெய் வைத்த அன்றே இதைச் செய்தால் கொஞ்சம் நழுவும், அடுத்த நாள் நன்றாக நிற்கும். நிலாவெளிக் கடலில் குளித்துக் காய்ந்த முடியில்தான் அசைக்கவே முடியாத பிடி, உப்பு முடியைச் சொரசொரப்பாக்கிவிடுகிறது. ஆனால் ஈர முடியை இதிலும் இறுக்கக் கூடாது, நனைந்த முடி அதிகம் இழுபட்டுச் சுலபமாக அறும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்துவிட்டு வருகிற அன்று நான் விரித்தபடியேதான் வீடு வருவேன்.

கச்சான் எனும் தென்மேல் காற்று அடிக்கும் மாதங்களில் பென்சில் மட்டும் போதாது. கோணேசர் கோயிலில் இராவணன் வெட்டு என்ற மலைப்பிளவுப் பக்கம் ஒருதரம் நின்று பாருங்கள், காதோர முடியெல்லாம் முகத்துக்கு வந்துவிடும். அதற்குத்தான் பின்னலும், அதைக் கட்டச் சீலைத் துண்டும். சுமார் 3 செ.மீ. அகலம், 40 செ.மீ. நீளம். ஓரத்தில் கத்தரிக்கோலால் சிறிதாக வெட்டிவிட்டுக் கையால் இழுத்தால் பருத்தி நேராகவே கிழியும். பின்னலைப் பாதிக்கு மேல் பின்னியதும் துண்டை இரண்டாக மடித்து உள்ளே வைத்து, அதன் இரண்டு நுனியையும் பின்னலின் இரண்டு காலோடு (புரியோடு) சேர்த்துப் பின்னிக்கொண்டே போய், கடைசியில் சுற்றி முடிச்சுப் போடுங்கள். பள்ளிக்கூடத்துக்கு ரிபன் வைத்துப் பின்னிய கைகளுக்கு இதைச் சொல்லித்தரவே தேவையில்லை. முடிச்சில் ஒரு காது (வளையம்) விட்டுக்கொள்ளுங்கள், மழையில் நனைந்தால் பருத்தி முடிச்சு இறுகிக் கல்லாகிவிடும், காது இருந்தால் இழுத்தவுடன் அவிழும். நைலெக்ஸ், போலியெஸ்டர் சீலை வேண்டாம், வழுக்கும், கிழித்த ஓரமும் நூல் நூலாகப் பிரியும்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. பேனை வழுக்கும், மூடி கழன்றால் மையும் வடியும். ஈர்க்கு முறிந்துபோகும். சப்பாத்து லேஸ் நல்ல பிடி, ஆனால் சுத்தமானது எந்த வீட்டில் இருக்கிறது? உடுப்புக் கிளிப் முகம் கழுவும் நேரத்துக்கு மட்டும் சரி. பின்னல் ஊசி உண்மையில் பென்சிலைவிட நன்றாக நிற்கும், ஆனால் நெரிசலான பஸ்ஸில் பின்னால் நிற்பவரின் கண்ணை நினைத்தால் வேண்டாம். கவைக்கொம்புபோல இருக்கும் பழைய கொண்டை ஊசி அம்மம்மாவின் பெட்டியில் கிடைத்தால் விடாதீர்கள், அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

ஸ்கூட்டி ஓடுகிறவர்கள் கவனிக்க: கொண்டையில் பென்சிலோடு ஹெல்மெட் போடவே கூடாது, அது தலையில் சரியாக உட்காராது. தாழ்வான பின்னல் போட்டுத் துண்டால் கட்டிக்கொண்டு, போய் இறங்கியபின் வேண்டுமானால் கொண்டை போடலாம்.

என் தங்கச்சிக்குச் சுருட்டை முடி. அவளுக்குப் பென்சில் என்னைவிட நன்றாக நிற்கிறது, ஆனால் உருவும்போது அவசரப்பட்டால் சிக்கிவிடும், முதலில் கொண்டையைத் தளர்த்திவிட்டு மெதுவாக எடுக்க வேண்டும். தோளுக்கு மேல் வெட்டிய முடிக்கும் படிப்படியாக வெட்டிய முடிக்கும் பென்சில் சரிவராது, பாதி முடி வெளியே தொங்கும். அவர்கள் பெரிய பருத்தி லேஞ்சியை மூலைக்கு மூலை மடித்து நீளமாகச் சுருட்டி, பிடரிக்குக் கீழால் கொண்டுவந்து உச்சியில் கட்டிக்கொள்ளலாம், சமையலுக்கும் வீடு கூட்டுவதற்கும் அது தாராளம்.