ஜெலிஃபின் சேர்வரை வெளிநாட்டிலிருந்து பார்க்க: போர்ட் திறப்பதா, டெயில்ஸ்கேலா?

கிளிநொச்சி வீட்டு ஜெலிஃபின் (சொந்த வீடியோக்களை இணையம்வழி ஓடவிடும் மென்பொருள்) சேர்வரிலுள்ள கலியாண வீடியோவை ரொறன்ரோவில் சித்தி பார்க்க வேண்டும். வழி இரண்டு: ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து சேர்வருக்கு வரும் வாசல்) திறப்பது, அல்லது டெயில்ஸ்கேல் (சாதனங்களைத் தனி வலையமைப்பாக இணைக்கும் விபிஎன் செயலி). முதலில் ரவுட்டரின் வான் (இணையப் பக்க) ஐபி முகவரியைப் பாருங்கள். அது 10இல் அல்லது 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், இணையத்திலிருந்து நேரே எட்டக்கூடிய பொது முகவரி உங்களிடம் இல்லை. போர்ட் திறந்தும் பயனில்லை. வன்னியில் 4ஜி சிம் ரவுட்டர் வைத்திருப்போர் பலர் மாட்டுவது இங்கேதான்.

அமைப்பு
போர்ட்: ஜெலிஃபினின் 8096 போர்ட்டை நேரே திறக்கவே வேண்டாம், கடவுச்சொல் மறையாக்கமின்றிப் போகும். கேடி புரொக்ஸி (இணைப்பை மறையாக்கும் இடைநிலை மென்பொருள்) வைத்து 443 (சான்றிதழுக்கு 80உம்) திறந்து, டக்டிஎன்எஸ் (மாறும் ஐபிக்கு மாறாத இணையப் பெயர் தரும் சேவை) பெயர் எடுங்கள். கரண்ட் போய் வந்தால் ஐபி மாறலாம், பெயர் மாறாது.
டெயில்ஸ்கேல்: சேர்வரிலும் சித்தியின் போனிலும் செயலி. பத்து நிமிட வேலை.

பார்ப்பவருக்கு
போர்ட்: இணைப்பைத் தட்டினால் போதும்.
டெயில்ஸ்கேல்: சாம்சங், எல்ஜி டிவிகளுக்குச் செயலி இல்லை, ஆண்ட்ராய்ட் டிவி போன்ற பெட்டி தேவை.

வேகம்
நேரடி இணைப்பு அமையாவிட்டால் டெயில்ஸ்கேல் ரிலே (இடைச் சேர்வர்) வழியே போய் மெதுவாகும். எந்த வழியானாலும் வீட்டு இணையத்தின் அப்லோட் வேகம்தான் இடுக்கு: 720பி, 3 எம்பிபிஎஸ் என மட்டுப்படுத்துங்கள்.

ஃபைபரும் பொது ஐபியும் இருந்து, பார்ப்பவர் பலரென்றால் போர்ட். 4ஜி என்றால் டெயில்ஸ்கேல்தான்.