வேர்ட்பிரஸ்ஸா, வெறும் எச்டிஎம்எல் கோப்புகளா?

எட்டு வருடம் வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில் ஓடிய என் தளத்தைப் போன வருடம் ஹியூகோ என்ற இன்னொன்றுக்கு மாற்றிவிட்டேன். அதனால் நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

வேர்ட்பிரஸ், வாசகர் வரும்போது பிஎச்பி என்ற கணினி மொழியில் எழுதிய நிரலை ஓட்டி, டேட்டாபேஸிலிருந்து எழுத்தை எடுத்துப் பக்கத்தைக் கட்டித் தருகிறது. ஹியூகோ எல்லாப் பக்கங்களையும் நம் கணினியிலேயே முன்கூட்டியே எச்டிஎம்எல் (பிரவுசர் நேரடியாகப் படிக்கும் வடிவம்) கோப்புகளாக எழுதி வைத்துவிடும். சர்வர், அதாவது தளம் இருக்கும் கணினி, அவற்றை எடுத்து நீட்டினால் போதும். எது வேகம் என்று விளக்க வேண்டியதில்லை. கட்டிய பக்கத்தைச் சேமித்து வைக்கும் கேஷ் பிளக்இன் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்) போட்டால் வேர்ட்பிரஸ்ஸும் ஓரளவு எட்டிப் பிடிக்கும்.

இது புது யோசனையும் இல்லை. 1991இல் டிம் பெர்னர்ஸ்-லீ உலகுக்கு அறிவித்த முதல் தளமே வெறும் கோப்புகள்தான். 2001இல் வந்த மூவபிள் டைப் என்ற வலைப்பதிவு மென்பொருளும் பக்கங்களைக் கோப்புகளாகவே எழுதியது. ஆனால் தளம் வளர வளர, ஒரு சின்ன மாற்றத்துக்கும் 'ரீபில்ட்', அதாவது கோப்புகளை மறுபடி எழுதுவது, முடியும்வரை காத்திருக்க வேண்டும். 2003இல் வந்த வேர்ட்பிரஸ்ஸில் அந்தக் காத்திருப்பு இல்லை. அடுத்த வருடம் மூவபிள் டைப் தன் உரிம விதிகளை மாற்றியதும் பலர் வேர்ட்பிரஸ்ஸுக்கு வந்துவிட்டார்கள். அப்புறம் 2008இல் ஜெக்கில், 2013இல் ஹியூகோ என்று மறுபடியும் கோப்புகள். இப்போது சில நூறு பக்கங்களை எழுத ஹியூகோவுக்கு ஓரிரு நொடி போதும்.

என்னை மாற வைத்தது பராமரிப்பு. ஒருநாள் தளத்தைத் திறந்தால் வெள்ளைத் திரை. தளத்துக்கு சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங்காரர்கள் பிஎச்பியை 8க்கு உயர்த்தியிருந்தார்கள். நான் நம்பியிருந்த ஒரு பழைய பிளக்இன், அந்தப் பதிப்பில் நீக்கப்பட்ட ஒரு ஃபங்ஷனை (நிரல் கட்டளையை) அழைத்துக்கொண்டிருந்தது. நான் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை, தளம் படுத்துவிட்டது. 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து பிளக்இன்கள் தானாகவே புதுப்பித்துக்கொள்ள வழி உண்டு, சரி. எழுதியவரே கைவிட்ட பிளக்இன்னுக்கு அப்டேட் எங்கிருந்து வரும்?

ஹியூகோவிலும் இந்தத் தொல்லை இல்லாமல் இல்லை. புதுப் பதிப்பைப் போட்டதும் என் தீம் (தளத்தின் தோற்றத்துக்கான வார்ப்பு) ஒருமுறை மக்கர் செய்தது. ஆனால் உடைந்தது என் கணினியில்; சர்வரில் ஏற்கெனவே கிடந்த பக்கங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய பதிப்பையே வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகச் சரிசெய்தேன். வேர்ட்பிரஸ்ஸில் அந்த இரண்டு வாரம் கிடைத்திருக்காது. லாகின் பக்கமும் டேட்டாபேஸும் சர்வரில் இல்லாததால், அவற்றின் வழியாக யாராவது புகுந்துவிடுவார்களோ என்ற கவலையும் போயிற்று.

இழந்ததும் உண்டு. ஃபோனிலிருந்து சட்டென்று ஒரு எழுத்துப்பிழையைத் திருத்துவது இப்போது எனக்குப் பெரிய வேலை. தேடலுக்கும் தொடர்புப் படிவத்துக்கும் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. கருத்துப் பெட்டியை எடுத்தே விட்டேன். பொருள் விற்கும் தளம் நான் நடத்தியதில்லை. அங்கே கணக்கு வேறாக இருக்கலாம். ஆயிரக்கணக்கான பக்கங்கள் உள்ள தளத்தை மாற்றிய அனுபவமும் எனக்கில்லை. என்னுடையது இருநூற்றுச் சொச்சம்தான். அதற்கே படங்களின் முகவரிகளைச் சரிபார்க்க நான்கு இரவுகள் போயின.

நண்பர் ஒருவரின் தளத்தில் நான்கு பேர் எழுதுகிறார்கள், ஹியூகோவுக்குத் தேவையான கமாண்ட் லைன் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்குவது) என்றாலே நால்வருக்கும் அலர்ஜி. அவருக்கு வேர்ட்பிரஸ்தான் சொன்னேன். அதன் அப்டேட்களை மாதாமாதம் பார்ப்பதும் நான்தான்.