தண்ணி நிக்கிற காம்பவுண்டுக்கு பிளாஸ்டிக் புல்லா, கவ் கிராஸா, சிமெண்டா?

எங்க வீடு கோலாலம்பூர்ல செகாம்புட் பக்கம், கார்னர் லாட். சைடுல ஒரு 300 சதுர அடி நிலம் இருக்கு, முன்னாடியெல்லாம் சாயந்தரம் மழை பேஞ்சா மறுநாள் சாயந்தரம் வரைக்கும் அங்க கணுக்கால் அளவுக்கு தண்ணி நிக்கும், அம்மா துளசித் தொட்டிகிட்ட போகணும்னாகூட பலகை போட்டுதான் போவாங்க. இதுக்கு என்ன பண்ணலாம்னு நிறைய பேர் கேக்குறாங்க, எல்லாரும் மொதல்ல பாக்குறது பிளாஸ்டிக் புல்லுதான். நாங்களும் அதத்தான் மொதல்ல போட்டோம். அதனால அதப் பத்திதான் கொஞ்சம் அதிகமா சொல்லப் போறேன்.

விக்கிறவங்க என்ன சொல்வாங்கன்னா, அடியில ஓட்டை இருக்கு, தண்ணி உடனே இறங்கிடும்னு. ஓட்டை இருக்குறது உண்மைதான், பாய் வழியா தண்ணி நல்லாவே இறங்குது. ஆனா இறங்குன தண்ணி எங்க போகும்? எங்க தாமான்ல, அதாவது குடியிருப்புல, இருக்குறது களிமண்ணு, அதுவும் வீடு கட்டும்போது மெஷின் ஏத்தி மிதிச்சு கெட்டியான மண்ணு. களிமண்ணு ஒரு மணி நேரத்துக்கு 1-லேர்ந்து 5 மில்லிமீட்டர் தண்ணிதான் குடிக்கும். நம்ம ஊருல இடியோட ஒரு மழை வந்தா ஒரு மணி நேரத்துல 50 மில்லிமீட்டர் கொட்டிடும். 300 சதுர அடியில அது கிட்டத்தட்ட 1,400 லிட்டர், கூரையிலேர்ந்து பைப் வழியா அதே இடத்துல விழுற தண்ணி தனி. மேல எந்தப் புல்லு இருந்தா என்ன, அந்தத் தண்ணி போக வழி வேணும்ல.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு மூலையத் தூக்கிப் பாத்தேன். ஆள் வந்து மண்ணு மேல அரை இஞ்சி மணலப் பரப்பி அப்படியே பாய விரிச்சுட்டுப் போயிருக்காரு. அந்த மணலு கறுப்பு சேறா ஆகி, கைய வச்சா பிசுபிசுன்னு, லோங்காங் (சாக்கடை) நாத்தம். எங்க வீட்டு நாய் ஒன்னுக்குப் போனதும் அதுலதான் ஊறிக்கிட்டு இருந்திருக்கு. மேலேர்ந்து பாத்தா பச்சைப் பசேல்னு இருந்ததால எங்களுக்குத் தெரியவே இல்ல, எனக்கு ரொம்ப வருத்தமாப் போச்சு.

இன்னொன்னு சூடு. நல்ல வெயில்ல பிளாஸ்டிக் புல்லு 60 டிகிரிக்கு மேல போகும், மத்தியானம் ரெண்டு மணிக்கு வெறுங்கால வைக்க முடியாது. தீபாவளிக்குப் பிள்ளைங்க மத்தாப்பு கொளுத்துனா பொறி விழுந்த இடமெல்லாம் உருகி ஓட்டை. பொங்கலுக்கு அது மேல அடுப்பு மூட்டவும் முடியாது, கேட் பக்கம் சிமெண்டுலதான் பானைய வைக்கணும். நம்ம வீடுங்களுக்கு இதெல்லாம் பெரிய விஷயம்.

கவ் கிராஸ் அப்படி இல்ல. அது நெசப் புல்லு, அகல இலை, ஈரத்தையும் ஓரளவு நிழலையும் தாங்கும், வேர் இறங்குற இடத்துல மண்ணு கொஞ்சம் கொஞ்சமா பொளபொளன்னு ஆகும். பிலிப்பைன் கிராஸ் பாக்க அழகு, ஆனா அதுக்கு வெயில் நல்லா வேணும், நிழல்ல வச்சா மெலிஞ்சு போயிடும். கவ் கிராஸுக்கும் ஒரு எல்லை இருக்கு, நாள் கணக்கா தண்ணிக்குள்ள இருந்தா அழுகிடும். அப்புறம் மழைக் காலத்துல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ வெட்டணும், வயசானவங்க மட்டும் இருக்குற வீட்டுல அது கஷ்டம்தான்.

சிமெண்டு போடுறதப் பத்தி எனக்குக் கோபமே வரும். என் தங்கச்சி கெப்போங் வீட்டுல முழுசா சிமெண்டு போட்டுட்டா, அவ வீட்டுல இப்ப தண்ணி நிக்கல, உண்மைதான், ஆனா அத்தனையும் அஞ்சு நிமிஷத்துல ரோட்டு லோங்காங்குக்குப் போய் பள்ளத்துல இருக்குற வீட்டுக்காரங்க வாசல்ல ஏறுது. கோலாலம்பூர்ல வெள்ளத்தத் தடுக்க 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கம் தோண்டி 2007-ல திறந்தாங்க, நாம வீட்டுக்கு வீடு மண்ண மூடிக்கிட்டே போனா எத்தன சுரங்கம் தோண்டுறது?

கடைசியில எங்களுக்குத் தீந்தது எதுலன்னா, மேல போடுறத விட்டுட்டு அடியப் பாத்ததுலதான். தெரிஞ்ச கொன்ட்ராக்டர் ஒருத்தர் வந்து பாத்துட்டு, "தம்பி, புல்லு அப்புறம், மொதல்ல கூரைத் தண்ணிய லோங்காங்குக்குத் திருப்புங்க"ன்னாரு. அதுலயே பாதி கொறஞ்சிடுச்சு. அப்புறம் சுவரு ஓரமா ஒன்றரை அடி ஆழம் வெட்டி, வடிகட்டித் துணி விரிச்சு, ஓட்டை போட்ட பிவிசி பைப்ப வச்சு, சுத்தி முக்கால் இஞ்சி கல்லு கொட்டி, துணிய மேல மடிச்சு மூடி, பைப்போட வாய லோங்காங்குல விட்டோம். தூளு இல்லாத கல்லா கேட்டு வாங்குங்க, குரஷர் ரன்னு போட்டா அதுல இருக்குற தூளு இறுகி தண்ணிய விடாது. நிலத்தையும் 10 அடிக்கு ஒன்னேகால் இஞ்சி லோங்காங் பக்கம் சரிச்சோம்.

இப்ப வெயில் படுற இடம் முழுக்க கவ் கிராஸ், மழை விட்டு ஒரு மணி நேரத்துல நடக்கலாம். பின்னாடி பக்கத்து வீட்டு எக்ஸ்டென்ஷன் நிழல்ல எந்தப் புல்லும் வரல, அங்க மட்டும் பழைய பிளாஸ்டிக் புல்லக் கழுவி, நாலு இஞ்சி கல்லு மேல விரிச்சிருக்கோம். அந்த மாதிரி இடத்துக்கு அது நல்ல சாமான்தான், நாத்தமும் இல்ல.

உங்க வீட்டுல எது சரி வரும்னு தெரியணும்னா ஒரு அடி ஆழத்துக்குக் குழி வெட்டி தண்ணி நிரப்பி வைங்க. மறுநாள் காலையிலயும் தண்ணி இருந்தா பைப் இல்லாம எதுவும் போடாதீங்க. சோதனை முடிஞ்சதும் குழிய மூடிடுங்க, டெங்கி பரப்புற ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாள்ல பொரிச்சுப் பறந்துடும். வெட்டுற வேலைய ஜூன், ஜூலைல வச்சுக்கோங்க, அப்பதான் இங்க மழை கம்மி. அக்டோபர், நவம்பர்ல தோண்டுனா வெட்டுன மண்ணு அன்னிக்கு சாயந்தரமே திரும்ப குழிக்குள்ள வந்துடும்.