பால்கனிக்கு "குழந்தை பாதுகாப்பு வலை" போடப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

மேடவாக்கம், பள்ளிக்கரணை பக்கம் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. பால்கனிக்கு வலை, பிளக் பாயிண்டுக்கு மூடி, மேசை முனைக்கு ரப்பர், எல்லாம் சேர்த்து 8,500 ரூபாய். தயவுசெய்து அதை நம்பி உடனே பணம் அனுப்பிவிடாதீர்கள். நாங்கள் அனுப்பினோம். எங்களுக்கு மாட்டிக் கொடுத்தது வெறும் புறா வலை.

நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, வாடகை வீடு. பையன் எதையாவது பிடித்து எழுந்து நிற்க ஆரம்பித்துவிட்டான். 2024 ஏப்ரலில் திருமுல்லைவாயிலில், தகரக் கூரையின் விளிம்பில் கிடந்த கைக்குழந்தையை அக்கம்பக்கத்தார் மீட்டார்களே, அந்த வீடியோ பார்த்ததிலிருந்தே வீட்டில் எல்லோருக்கும் பால்கனி என்றால் பயம். கம்பி கிரில்லுக்கு விசாரித்தோம், கட்டுப்படியாகவில்லை. அதனால்தான் வலை.

வந்தவர் ஹவுஸ் ஓனரிடமே நேரில் பேசி டிரில் போட அனுமதி வாங்கினார். பேச்சு அவ்வளவு நம்பிக்கையாக இருந்தது. "பெரிய ஆளே சாய்ந்தாலும் தாங்கும் சார்" என்றார். வேலையும் மதியத்துக்குள் முடிந்தது. மீதிப் பணம் அனுப்பியதும் பில் கேட்டேன். நாளைக்கு வாட்ஸ்அப்பில் வரும் என்றார். இன்றுவரை வரவில்லை.

அன்று மாலை மச்சான் வந்தார். அவர் எலக்ட்ரீஷியன். வலையின் நூலைத் தொட்டுப் பார்த்தவுடனே முகம் மாறிவிட்டது. 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி வலைமேல் சாய்த்தார். கீழ்வரிசைக் கொக்கிகள் சிமெண்ட் பூச்சோடு பெயர்ந்து வந்தன. ஓட்டைக்குள் கொக்கியை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறையான ரால் பிளக்கே இல்லை. பூச்சில் மட்டும் ஓட்டை போட்டுக் கொக்கியைத் திருகியிருக்கிறார்கள். பையன் பத்துக் கிலோகூட இல்லைதான். ஆனால் ஓடிவந்து மோதும் குழந்தையின் வேகம் வேறு. அந்தக் கேன் இருந்த இடத்தில் அவனை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

போன் செய்தால், "அது புறா வலைதானே சார், அப்படித்தான் இருக்கும்" என்கிறார். விளம்பரத்தில் குழந்தை பாதுகாப்பு வலை என்றுதான் இருக்கிறது. அதைச் சொன்னதும் இணைப்பைத் துண்டித்தார். அதற்குப் பிறகு எடுப்பதே இல்லை.

புறா வலையின் நூல் மெலிசு. பறவை உள்ளே வராமல் தடுக்கத்தான் அது, எடை தாங்க இல்லை. குழந்தைக்கான வலையில் நூல் தடிமனாக இருக்கும், ஓரம் முழுக்கக் கயிறு கோத்திருக்கும். கொக்கிகள் நெருக்கமாகவும், பூச்சைத் தாண்டி கான்கிரீட்டிலோ செங்கல்லிலோ ரால் பிளக்கோடு இறங்கியும் இருக்க வேண்டும். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள். மீதிப் பணம் கேனைச் சாய்த்துப் பார்த்த பிறகுதான். நல்ல வலைகூட வெயிலில் நாளாக நாளாக இற்றுப்போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிளக் மூடி அதைவிட மோசம். பையன் நகத்தால் நெம்பி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். தொண்டையில் சிக்கும் அளவு அது. எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டோம். மச்சான் தரையோரம் இருந்த இரண்டு பாயிண்டுகளில் மட்டும் உள்ளே ஷட்டர் (பிளக் செருகும்போது மட்டும் திறக்கும் மூடி) உள்ள சாக்கெட் மாற்றினார். ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டிரிப் ஆக வேண்டும்.

பால்கனிக் கதவுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் வைத்தோம். கைப்பிடிச் சுவரோரம் இருந்த செருப்பு ஸ்டாண்டையும் பூந்தொட்டிகளையும் உள்ளே கொண்டுவந்தோம், ஏறுவதற்கு எதுவும் இருக்கக் கூடாது. பீரோவை எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிடித்தாயிற்று. பாத்ரூம் பக்கெட்டில் இப்போது தண்ணீர் நிரப்பி வைப்பதில்லை. குழந்தை தலைகுப்புற விழுந்தால் சில அங்குலத் தண்ணீரே போதும், உயிருக்கு ஆபத்து. இதற்கெல்லாம் ஆன செலவு அந்த 8,500-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. நல்ல வலைக்குப் பணம் சேரும்வரை பால்கனி பூட்டியே இருக்கும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன், பணம் இன்னும் திரும்பவில்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது. பில் இல்லாவிட்டாலும் அவர் அனுப்பிய விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, யூபிஐ ரசீது, பெயர்ந்த கொக்கியின் போட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. நீங்களும் எதையும் அழித்துவிடாதீர்கள். இந்தப் பக்கம் சமீபத்தில் இப்படி வலை போட்டவர்கள் இன்றைக்கே கேனைச் சாய்த்துப் பாருங்கள். அதுவரை குழந்தையைப் பால்கனியில் விட வேண்டாம்.