வி.எல்.சி. பிளேயரில் சப்டைட்டில்: பயன்படுத்திப் பார்த்ததில்

காது சற்று மந்தமாகிவிட்ட என் தந்தையாருக்காகத்தான், தமிழ்ப் படத்தைக்கூடச் சப்டைட்டிலோடு பார்க்கும் வழக்கம் எங்கள் வீட்டில் தொடங்கியது. பாரிஸ் நகருக்கு அருகே 1996-இல் மாணவர் திட்டமாகத் தொடங்கி, 2001 முதல் கட்டற்ற மென்பொருளாகக் கிடைத்துவரும் வி.எல்.சி. என்ற வீடியோ பிளேயரையே அதற்குப் பயன்படுத்துகிறேன்.

சப்டைட்டிலைச் சேர்ப்பதில் சிரமம் இல்லை. வீடியோவின் பெயரையே எஸ்.ஆர்.டி. கோப்புக்கும் (சப்டைட்டில் வரிகளும் அவை தோன்ற வேண்டிய நேரமும் அடங்கிய கோப்பு) வைத்து இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டால் அது தானாகவே எடுத்துக்கொள்கிறது. பெயர் வேறாக இருந்தால், படம் ஓடும்போதே கோப்பை இழுத்து வந்து திரையில் விட்டால் போதும்.

இதன் அருமை, பேச்சும் எழுத்தும் பொருந்தாத கோப்பு வாய்க்கும்போதுதான் தெரிகிறது. எழுத்து முந்தினால் எச் விசையையும், பிந்தினால் ஜி விசையையும் அழுத்த வேண்டும். ஓர் அழுத்தலுக்கு 50 மில்லி விநாடிதான் நகரும் என்பதால், இரண்டு விநாடி விலகலுக்கு 40 முறை தட்டுவதைவிட, டூல்ஸ் மெனுவில் உள்ள 'டிராக் சிங்க்ரனைசேஷன்' பெட்டியில் எண்ணாகவே கொடுத்துவிடலாம். தொடக்கத்தில் பொருந்தி, போகப்போக விலகும் கோப்புகளின் கதை வேறு. விநாடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனி நிலைப்படம்) ஓடும் பதிப்புக்கு எழுதியதை 23.976 ஃபிரேம் பதிப்போடு ஓட்டினால், ஒரு மணி நேரத்தில் எழுத்து ஏறத்தாழ இரண்டரை நிமிடம் முந்திவிடும். கொலையாளி யார் என்பது படத்துக்கு முன்பே தெரிந்துவிடும். சப்டைட்டிலின் வேகத்தை மாற்றும் வசதியும் அதே பெட்டியில் இருக்கிறது. ஆனால், படத்தை மூடிவிட்டு மறுநாள் திறந்தால் இத்திருத்தங்கள் நினைவில் இருப்பதில்லை என்பது பெரிய குறை.

நானே தட்டச்சு செய்த தமிழ் வரிகள் முதல்முறை வெறும் கேள்விக்குறிகளாகத் தோன்றின. நோட்பேடில், தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லாத 'ஆன்சி' முறையில் சேமித்தது என் பிழை; கோப்பிலேயே எழுத்துகள் அழிந்துவிட்டதால், மீண்டும் தட்டச்சு செய்து, தமிழையும் ஏற்கும் யு.டி.எஃப்.-8 முறையில் சேமிக்க நேர்ந்தது. பிரிஃபரன்சஸ் பகுதியில் எழுத்துருவை நிர்மலா யு.ஐ. என்றும், நிறத்தை மஞ்சள் என்றும் மாற்றி, அளவையும் கூட்டிய பிறகு, தந்தையார் நாற்காலியை முன்னே இழுப்பதில்லை.

இவ்வாறு சேர்க்கும் எழுத்து வீடியோவுக்குள் பதிவதில்லை. பென்டிரைவில் போட்டு டி.வி.யில் பார்ப்பவர்கள் எஸ்.ஆர்.டி. கோப்பையும் உடன் நகலெடுக்க வேண்டும்.