எழுபது வெள்ளி கலோரிமீட்டர் செட்: கிண்ணம்தான் பிரச்சினை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் படிவம் 5 பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். தெர்மோகிமியா, அதாவது வேதிவினைகளில் வெப்பம் பற்றிய பாடத்தை, வெறும் கணக்காக நடத்த எனக்குப் பிடிக்காது. பள்ளிச் சோதனைக்கு வழக்கமாக எடுக்கும் பாலிஸ்டிரீன் கப், கோலாலம்பூரில் 2017-இல் தடை வந்த பிறகு சாப்பாட்டுக் கடைகளில் அவ்வளவாகக் கிடைப்பதில்லை. சரி, முறையான கருவியே இருக்கட்டும் என்று ஆய்வகப் பொருள் விற்கும் கடை ஒன்றில் எழுபது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து, வினையின் வெப்பத்தை அளக்கும் இந்தக் கலோரிமீட்டர் செட்டை வாங்கினேன்.

ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அலுமினியக் கிண்ணங்கள், நடுவில் கம்பளி வளையம், பிளாஸ்டிக் மூடி, கலக்கும் கம்பி, சிவப்புத் திரவத் தெர்மோமீட்டர், ஒரு ஸ்பிரிட் விளக்கு. பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் இது இயற்பியல் வகுப்பில் தன்வெப்பம் (ஒரு கிராம் பொருளை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்) கண்டுபிடிக்க வைத்திருக்கும் கிண்ணம், வேதியியல் லேபிள் ஒட்டி விற்கிறார்கள், அவ்வளவுதான். அமிலத்தையும் காரத்தையும் கலக்கும் நடுநிலையாக்கல் சோதனைக்கு, சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தை இதில் ஊற்றிவிட்டு வெப்பநிலை நிலைக்கட்டும் என்று காத்திருந்தால், கொஞ்ச நேரத்தில் குமிழி விட ஆரம்பிக்கிறது. காரம் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜனை வெளியேற்றுகிறது, அந்த வினையே வெப்பம் தருவது வேறு. நாம் அளக்க வந்தது எது, கிண்ணம் தருவது எது என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. கூடவே வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அமிலத்தை முதலில் ஊற்றி, காரத்தைச் சேர்த்தவுடன் படித்துவிட்டால் தப்பிக்கலாம்தான், ஆனால் அப்போதும் கணக்கு இடிக்கிறது. லிட்டருக்கு 1 மோல் செறிவில் அமிலமும் காரமும் 50 மில்லி வீதம் சேர்த்தால், நடுநிலையாக்கல் வெப்பம் மோலுக்கு 57.3 கிலோஜூல் என்ற கணக்கில் 6.8 டிகிரி ஏற வேண்டும். உள்கிண்ணம் 50 கிராம், அலுமினியத்தின் தன்வெப்பம் கிராமுக்கு, டிகிரிக்கு 0.9 ஜூல். அது தன் பங்குக்குக் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு வெப்பத்தை விழுங்கிவிடும், விடை 57.3-க்குப் பதில் 52-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தாளில் இருக்கும் சூத்திரமோ கரைசலின் நிறை, தண்ணீரின் தன்வெப்பமான 4.2, வெப்பநிலை ஏற்றம் ஆகியவற்றை மட்டுமே பெருக்கச் சொல்கிறது. தெர்மோமீட்டரில் ஒரு டிகிரிக்கு ஒரு கோடு, அதில் அரை டிகிரி தவறிப் படித்தாலே இன்னொரு 7 சதவீதம் போச்சு.

மூடி போட்ட சூடுபானக் காகிதக் கப் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று வைத்துப் பார்த்தோம், 6.5 டிகிரி ஏற்றம் வந்தது. காசே செலவில்லாத கப் எழுபது வெள்ளி கிண்ணத்தை முந்திவிட்டது! கரைசலை 2 மோல் ஆக்கினால் ஏற்றமும் இரண்டு மடங்கு, படிப்பதும் சுலபம். துத்தநாகம், காப்பர் சல்பேட் சோதனைக்கும் இதே கப்தான், ஆனால் அந்த வினை மெதுவாக நடப்பதால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து, வரைபடத்தில் கோட்டைக் கலந்த நேரம் வரை பின்னால் நீட்டி உச்ச வெப்பநிலையைப் பிடிக்கச் சொல்லுங்கள். நடுவில் யாராவது ஏர்கோனைக் கூட்டி வைத்தால் அது கோட்டின் சரிவிலேயே தெரிந்துவிடும், பையன்களுக்கு அதில் ஒரே குஷி.

அந்த அலுமினியக் கிண்ணத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எரிதல் சோதனைக்கு உதவும். காகிதக் கப்பை விளக்கின் மேல் வைக்க முடியாதே. எத்தனால் எரியும்போது மோலுக்கு 1367 கிலோஜூல் என்று பாடத்தில் இருக்கும், நமக்குப் பாதி தேறினால் பெரிய விஷயம். மின்விசிறி ஓடினால் அதுவும் இல்லை. ஆனால் மெத்தனால், எத்தனால், புரோப்பனால் என்று வரிசையாக எரித்தால் வெப்பம் ஏறிக்கொண்டே போவது தெளிவாகத் தெரிகிறது, தேர்வில் கேட்பதும் பெரும்பாலும் அதைத்தான்.

ஸ்பிரிட் விளக்குக்கும் மூடிக்கும் சேர்த்து ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தில் 0.1 டிகிரி காட்டும் டிஜிட்டல் தெர்மோமீட்டர் வாங்குங்கள், விளக்கு தனியாகவே கிடைக்கும்.