ஃபிலமென்ட் எக்ஸ்ட்ரூடர் கிட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: சூடே ஏறாத ஹீட்டர்

த்ரீடி பிரின்ட் கழிவை அரைத்து, உருக்கி, மறுபடி 1.75 மி.மீ. ஃபிலமென்ட்டாக, அதாவது பிரின்டருக்குப் போடும் பிளாஸ்டிக் இழையாக, இழுக்கலாம் என்று ஆன்லைனில் ஒரு எக்ஸ்ட்ரூடர் கிட் வாங்கினேன். பேரல், ஸ்க்ரூ, மோட்டாரையெல்லாம் குறை சொல்ல முடியாது. தலையில் மிளகாய் அரைத்தது ஹீட்டர் பக்கம்தான்.

சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் 190 டிகிரி வைத்தேன். ஹீட்டரை ஆன் செய்யச் சொல்வதைக் காட்டும் 'அவுட்' விளக்கு எரிகிறது, டிஸ்ப்ளே 31-ஐ விட்டு நகரவில்லை. விற்றவருக்குப் போன் போட்டால், "ஆட்டோட்யூன் ஓட விடுங்க சார்" என்கிறார். சூடு ஏறி இறங்குவதைப் பார்த்து கன்ட்ரோலர் தன்னைத் தானே சரிசெய்துகொள்வதுதான் அது. சூடே ஏறாத மிஷினுக்கு என்ன ட்யூனிங்? மறுபடி கேட்டதும், "வயரிங்கை நீங்க மாத்திட்டீங்க, வாரன்ட்டி போச்சு" என்று முடித்துவிட்டார்.

மல்டிமீட்டரை எடுத்தேன். பேரலைச் சுற்றியிருக்கும் 150 வாட் ஹீட்டர் பேண்ட் 350 ஓம் சொச்சம் காட்டியது, அது பழுதில்லை. ஹீட்டருக்குப் போகும் கரன்ட்டை ஆன்-ஆஃப் செய்வது கிட்டோடு வந்த எஸ்எஸ்ஆர் என்ற எலக்ட்ரானிக் சுவிட்ச். அது ஆன் ஆக கன்ட்ரோலரிலிருந்து 3 முதல் 32 வோல்ட் டிசி போக வேண்டும். கன்ட்ரோலர் அவுட்புட்டில் வைத்துப் பார்த்தால் சுத்தமாகப் பூஜ்யம். ஆனால் விளக்கு எரியும்போதெல்லாம் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தமே போதும், அது ரிலே. ரிலே வெறும் சுவிட்ச்தான், வோல்டேஜ் எதையும் தராது. எஸ்எஸ்ஆருக்கோ கன்ட்ரோலரிலிருந்து வோல்டேஜ் வந்தாக வேண்டும். இரண்டையும் நேராக இணைத்தால் ஜென்மத்துக்கும் சூடேறாது. என்னுடையது சி100 வகை கன்ட்ரோலர். அந்த மாடல்களில் எண்ணின் பின்பாதியில் 'வி' இருந்தால் வோல்டேஜ் அவுட்புட், 'எம்' என்றால் ரிலே. என்னுடையதில் 'வி' ஸ்டிக்கர். கழற்றிப் பார்த்தால் போர்டில் கறுப்பாக ரிலே உட்கார்ந்திருக்கிறது.

படம் அனுப்பியதும் வந்த பதில்தான் உச்சம்: "எஸ்எஸ்ஆரைக் கழட்டிட்டு ஹீட்டரை நேரா ரிலேல குடுத்துருங்க சார், எல்லாரும் அப்படித்தான் ஓட்டறாங்க." எல்லாரும் என்றால், தெரிந்தேதான் விற்கிறார். அந்தச் சின்ன ரிலே நாள் முழுக்க 230 வோல்ட்டை மூடித் திறந்தால் கான்டாக்ட் தேய்ந்து, ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் டிஸ்ப்ளே என்ன காட்டினாலும் ஹீட்டர் நிற்காது. சூடு எல்லை மீறினால் கரன்ட்டைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸும் கிட்டில் கிடையாது. "பிரிச்ச பீஸைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்பதால் பணமும் வரவில்லை.

ஏற்கெனவே இதில் மாட்டியவர்கள் தூக்கிப் போட வேண்டாம். தனி 12 வோல்ட் அடாப்டரின் பிளஸ்ஸை ரிலே கான்டாக்ட் வழியாக எஸ்எஸ்ஆரின் பிளஸ்ஸுக்கும், மைனஸை நேராக அதன் மைனஸுக்கும் கொடுங்கள். கன்ட்ரோலரில் சைக்கிள் டைம், அதாவது ஒரு ஆன்-ஆஃப் சுற்றுக்கான நேரம், 20 விநாடி இருக்கட்டும். 2 விநாடி வைத்தால் ரிலே சீக்கிரம் போய்விடும். பேரலில் தெர்மல் ஃபியூஸ் ஒன்றும் கட்டாயம் போடுங்கள்.

இனி வாங்குகிறவர்கள், அவுட்புட்டில் மீட்டர் வைத்து டிசி வோல்டேஜ் காட்டும் வீடியோவைக் கேளுங்கள். ஸ்டிக்கர் போட்டோ அனுப்பினால் ஏற்காதீர்கள்.